திக்வெல்லையிலிருந்து ஞாயிறு பின்னேரம்

மெல்பேர்ண்
2005 ஜனவரி 17

உபாலித் தம்பி,

நேற்று சோமலதா ரீச்சர் போன் எடுத்தா. ஊர் விட்டுக் கொழும்பில் மகனோடு இருக்கிறாவாம். "உங்கட வீட்டுத் தானத்துக்கு வர முடியாமப் போச்சு, குறை நினைக்காதே" என்றா. எங்கள் வீட்டில் யார் செத்ததற்குத் தானம் என்று கேட்டேன். பிறகு, "ஐயோ சுனேத்ரா, உனக்குத் தெரியாதா?" என்றா.

உன் மனைவி நெலும் போய்விட்டாள் என்பதை அவளுடைய அக்கா சொல்லவில்லை, நீ சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ரீச்சர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடல் வந்த அன்றைக்குப் பின்னேரம், எங்கள் வழமையான ஞாயிறு நேரத்துக்கு நான் ரேடியோ செட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே உங்களைக் கூப்பிட்டேன். டெலிவிஷனில் மாத்தறையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரைச்சலுக்குள்ளே உன் குரல் வந்தது. ஒரு வான் வண்டியின் பற்றரியில் செட்டைப் பூட்டி, மலைப் பாடசாலையில் இருந்து பேசுகிறேன் என்றாய். நான் முதலில் கேட்டது என்ன? "வீட்டில எல்லாரும் சுகமா?" நீ என்ன சொன்னாய்? "அக்கா, இதில அவசரச் செய்தி மட்டும்தான். எழுதிக்கொள்ளுங்கோ." அவ்வளவுதான். குரல் சாதாரணமாக இருந்தது. நான் சுகம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அலைவரிசை அடுத்த ஊருக்குக் கேட்கும், அதற்கு அப்பால் கொழும்பு வரைக்கும் தாண்டிப் போய்த் தூரத்தில் விழும். உன் குரல் கொழும்புக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். எனவே நீ சொன்னதை நான் எழுதி, அதைத் திரும்பக் கொழும்புக்குச் சொன்னேன். நாலு நாள், தம்பி. சோறு மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார் உன் அத்தான் ரஞ்சித். யார் யாருடைய பிள்ளைகளின் பெயரெல்லாமோ உன் வாயால் கேட்டேன். நெலுமின் பெயரை நீ ஒரு தடவையும் சொல்லவில்லை.

இங்கே எல்லாரிடமும் எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம் என்று சொன்னேன். புதுவருஷத்துக்குக் கிரிபத் பாற்சோறு சமைத்தேன். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

போனை எடுக்கிறாய் இல்லை. செட்டிலும் வருகிறாய் இல்லை. நான் உனக்கு யார் என்று எழுதி அனுப்பு.

சுனேத்ரா


திக்வெல்லை
பெப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

வீடு மேட்டில் இருப்பதால் தண்ணீர் கிணற்றடி வரைக்கும்தான் வந்தது. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஞாபகம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. மகள் தினிதி தெனியாயவில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், அங்கேயே பாடசாலைக்குப் போகிறாள். அவளுக்கு இப்போதைக்குக் கடல் தெரியாத இடம் நல்லது.

செட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். கூரையில் இருந்த ஏரியல் கம்பியையும் இறக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேட வேண்டாம்.

கொழும்பு ரேடியோக் கழகத்தார் எனக்கு ஏதோ பாராட்டு வைக்கப் போகிறார்களாம், செயலாளர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். உங்களோடும் பேசுவார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

ரஞ்சித் அத்தானுக்கு இரத்தம் சுத்திகரிப்பது எப்படிப் போகிறது? உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உபாலி


மெல்பேர்ண்
பெப்ரவரி 20

தம்பி,

உன் கடிதத்தைப் படித்தால் வங்கியில் இருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது. என்னுடைய கோபம் அன்றைக்கே போய்விட்டது. இப்போது எனக்கு அழுகைதான் இருக்கிறது.

நெலுமை நினைக்கிறேன். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் நம் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தது ஞாபகமா? "ரஷ்யாக்காரன்ட்ட மழை பெய்யுதா எண்டு கேக்கிறதுக்கா அப்பாவும் பிள்ளையளும் கூரை மேல ஏறி நிக்கிறீங்கள்?" என்பாள். பிறகு அவளே மைக்கைப் பறித்து, தெரிந்த நாலு இங்கிலீஷ் சொல்லில், யார் எவர் என்றில்லாமல் எல்லாரிடமும் "இன்றைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்பாள். அந்த ஜப்பான்காரன் மீன் கறியின் செய்முறையையே சொல்லிக்கொண்டு போனானே. சங்கீத வாத்தியார் வேலையை விட்டபிறகும் மோர்ஸ் தந்திக் குறிகளுக்குத் தாளம் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, "இவளுக்குத்தான் ரேடியோ எதுக்கு எண்டு சரியா விளங்கியிருக்கு" என்றார்.

கழகத்தில் இருந்து எனக்கும் எழுதினார்கள். உனக்குப் பதக்கம் கொடுக்க விரும்புகிறார்கள். போ, தம்பி. சொந்த மனைவி காணாமல் போயிருக்கும்போது மற்றவர்களின் உயிருக்காக நாலு நாள் எழும்பாமல் உட்கார்ந்தவன் நீ. என்னிடம்கூடச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாய். எனக்கு அது இப்போது விளங்குகிறது. நெலுமுக்காகப் போய் வாங்கிக்கொள். தினிதி பார்க்கட்டும்.

செட்டை அப்பாவிடமாவது திருப்பிக் கொடு. அவருக்கு வேறு என்ன இருக்கிறது? நான் இன்னும் ஞாயிறு பின்னேரம் அந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரைச்சல்தான் வருகிறது.

அக்கா


திக்வெல்லை
மார்ச் 9

அக்கா,

பதக்கம் என்ற சொல்லை இனி எனக்கு எழுதாதீர்கள். நடந்ததை எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

அன்றைக்குப் போயா, பௌர்ணமி நாள். நெலும் வெள்ளை உடுத்திக்கொண்டு சில் நோன்பு எடுக்கக் கடற்கரைப் பன்சாலை விகாரைக்குப் போனாள். தினிதிக்குக் காய்ச்சல், அதனால் பிள்ளை வீட்டில் நின்றாள். நான் பின்னேரம் உங்களோடு பேசுவதற்குக் கூரையில் ஏறிக் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நின்றபடியேதான் கடலைப் பார்த்தேன்.

பன்சாலை இருந்த இடத்தில் போதி மரம் மட்டும் நின்றது. மத்தியானம் வரைக்கும் சேற்றுக்குள்ளே தேடினேன். வெள்ளை உடுத்த பெண்கள் எத்தனை பேர், அக்கா. ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தேன். அவர்களில் அவள் இல்லை.

அப்போதுதான் பிரதேச செயலகத்தில் இருந்து ஒருவர் ஓடிவந்தார். "மாஸ்டர், உங்களிட்ட செட் இருக்காமே. போன் எல்லாம் செத்துப்போச்சு. மேல பாடசாலைக்கு வாங்கோ" என்றார். உடனே போனேன். ஏன் போனேன் என்று நினைக்கிறீர்கள்? ஊருக்குச் சேவை செய்யவா? இந்தக் கரையில் உயிரோடோ பிணமாகவோ யார் கிடைத்தாலும் அந்தச் செய்தி முதலில் அந்த மேசைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரிந்தது. எழும்பினால் அவள் பெயர் வரும் நேரம் நான் இல்லாமல் போய்விடுவேனோ என்று பயம். அதனால்தான் எழும்பவில்லை. சனங்கள் வரிசையில் நின்று, "மாஸ்டர், எங்கட பிள்ளையக் கேட்டுப் பாருங்கோ" என்று கும்பிட்டார்கள். நான் அவர்களுக்காகக் கேட்கிற மாதிரி எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழுதால் நான் உடைந்துவிடுவேன். உடைந்தால் மைக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

தங்காலை ஆஸ்பத்திரியில் இருந்து செட்டில் பேசிய நுவன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதன்கிழமை அவன் பெயர் தெரியாத சடலங்களின் அடையாளங்களை வாசித்தான். நான் எழுதினேன். நீங்களும் கேட்டு எழுதினீர்கள். அதில் ஒன்று: பெண், வயது நாற்பது மட்டில், வெள்ளைச் சேலை, வலது முழங்கைக்குக் கீழே விரல் நீளத்துக்குப் பழைய தீக்காயம்.

அந்தக் காயம் நீங்கள் நாட்டை விட்டுப் போனபிறகு பட்டது. எனக்குக் கம்பி ஒட்டித் தருகிறேன் என்று ஈயம் உருக்கும் கோலைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் "சரி, அடுத்தது" என்றேன். நுவன் அடுத்ததை வாசித்தான். அப்போது நீங்கள் குறுக்கிட்டீர்கள். "தம்பி, அந்தத் தீக்காயம் வலது கையா, இடது கையா? சரியாக் கேக்கேல்ல" என்றீர்கள்.

நான் "வலது" என்றேன்.

நீங்கள் அதைக் கொழும்புக்குத் திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. "வலது கை. மீண்டும் சொல்கிறேன், வலது கை." உங்கள் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது, அக்கா.

மிச்ச அடையாளங்களை எழுதி முடித்து, இடத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் தங்காலைக்குப் போனேன். பாலம் இல்லை. சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது புதைத்துவிட்டார்கள். வைத்திருக்க முடியாது என்றார்கள், அது சரிதான். எல்லாரையும் ஒன்றாகப் புதைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் என்று காட்ட யாருமில்லை.

இதற்காகத்தான் பதக்கம் தரப்போகிறார்கள்.

உபாலி


மெல்பேர்ண்
மார்ச் 21

தம்பி,

வலதா இடதா என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, ஏன் இவன் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று.

மூன்று தடவை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். எனக்கு எழுத வரவில்லை.

நெலுமின் மூன்று மாத நினைவுத் தானத்துக்கு என்னால் வர முடியாது. ரஞ்சித்தைத் தனியே விட்டால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? ஜூலையில் ஹேஷான் லீவில் வந்து தகப்பனோடு நிற்பான். அப்போது வருவேன். வந்து உனக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. சமைத்துத் தருகிறேன். நீ விரும்பினால் பேசு.

கழகத்துக்கு எழுதிவிட்டேன், எங்கள் இருவருக்கும் ஒன்றும் வேண்டாம் என்று. காரணம் எழுதவில்லை.

அக்கா


திக்வெல்லை
ஏப்ரல் 18

அக்கா,

நேற்று நீங்கள் செய்தது சரியா?

சித்திரைப் புதுவருஷத்துக்குத் தினிதியைக் கூட்டிவந்திருந்தேன். நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளே உங்கள் குரல் கேட்டது. முதலில் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஓடிவந்து பார்த்தால், அப்பா கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்துச் செட்டை எடுத்துப் பூட்டி, தினிதியை விட்டுப் பலாமரத்தில் கம்பியும் கட்டுவித்து, உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டது ஞாபகமில்லாத மனுஷன், எந்த வயரை எங்கே பூட்டுவது என்று மறக்கவில்லை.

சந்தோஷமாகப் பேசினார். ஏன் இத்தனை வாரம் வரவில்லை என்று உங்களை ஏசினார். பிறகு, "நெலும் பன்சாலைக்குப் போயிருக்கிறா. இன்னும் வரேல்ல. வந்தா உன்னட்ட என்ன சாப்பிட்டாய் எண்டு கேப்பா" என்றார்.

நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். "சரி அப்பா" என்று சொல்லியிருக்கலாம்.

"அப்பா, நெலும் வரமாட்டா. நெலுமைக் கடல் கொண்டுபோயிட்டுது" என்றீர்கள். உலகத்துக்கே கேட்கிற மாதிரி.

நான் அவரிடம் மறைத்தேன் என்று நினைத்தீர்களா, உங்களிடம் மறைத்த மாதிரி? நாலு தடவை சொன்னேன், அக்கா. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்டவர் போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அடுத்த நாள் விடிந்ததும் "நெலும், தேத்தண்ணி" என்று கூப்பிட்டார். ஐந்தாம் தடவை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதன்பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் எழும்பி வெளியே போய்விடுவேன். நேற்று மறுபடியும் அழுதார். தினிதி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அழுதாள். கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் அழுததை நான் காணவில்லை.

நீங்கள் சொன்னது அலைவரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. பிறகு தங்காலை நுவனின் குரல் வந்தது. "உபாலி மாஸ்டர்... மாஸ்டர், அந்தக் கைக்காயம்?" என்றான்.

நான் செட்டை நிறுத்திவிட்டேன்.

உபாலி


மெல்பேர்ண்
ஏப்ரல் 29

தம்பி,

நீ நினைத்தது சரி. அப்பாவிடமும் மறைத்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அவர் அவ்வளவு குஷியாகப் பேசியதும் எனக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டில் யாராவது ஒருவர் நெலும் செத்துப்போனாள் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோமா என்று வந்துவிட்டது. அவர் நிலைமை இவ்வளவு மோசம் என்று நீ எழுதியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எழுதாதது உன் குற்றமில்லை. கேட்காதது என் குற்றம்.

நீ செட்டை நிறுத்தியபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கொழும்புக் கழகத்துப் பெரியவர், ஒருநாளும் குரல் தளம்பாத மனுஷன், "சுனேத்ரா, நாங்கள் அந்தப் பிள்ளைக்குப் பதக்கம் எண்டு பேசிக்கொண்டிருந்தமே" என்று குரல் தளம்பச் சொன்னார். ஜப்பானில் இருந்து அந்த மீன்கறிக்காரர் வந்தார். எங்கள் பாஷை அவருக்கு விளங்காது. ஏன் எல்லாரும் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாரே, அந்த அம்மாவா?" என்றார்.

நுவன் என்னிடம் உன் வீட்டுக்கு வழி கேட்டான். சொன்னேன். இதற்கும் ஏச வேண்டுமென்றால் ஏசு.

அக்கா


திக்வெல்லை
மே 16

அன்புள்ள அக்கா,

ஏசவில்லை.

நுவன் வந்தான். குரலைக் கேட்டு முப்பது வயது என்று நினைத்திருந்தேன். இருபது இருக்கும், தாடிகூடச் சரியாக வளரவில்லை. தாய் கொடுத்துவிட்டது என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றான். உள்ளே வரவே மாட்டேன் என்றான்.

"மாஸ்டர், அதை வாசிச்சது நான்தான்" என்றான்.

"தெரியும். உள்ள வா."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அப்பிடி வாசிச்சிருக்க மாட்டன். கடகடவெண்டு வாசிச்சிட்டன். தேங்காய் விலை வாசிக்கிற மாதிரி வாசிச்சிட்டன், மாஸ்டர்."

"நீ வாசிச்சிருக்காட்டி நான் இண்டைக்கும் ஒவ்வொரு ஊரா அவவத் தேடிக்கொண்டு திரிவன். வா, தேத்தண்ணி குடி" என்றேன்.

தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். அடையாளங்களைப் பார்த்து எழுதியதும் அவன்தானாம். அந்தக் கைக்காயம் தன் தாய்க்கும் இருக்கிற மாதிரியான காயம் என்பதால் அவளை மட்டும் மறக்க முடியவில்லையாம். கொண்டுபோகும்போது கூடவே போயிருக்கிறான். எங்கே வைத்தார்கள் என்று தெரியுமாம்.

அடுத்த நாள் தினிதியையும் கூட்டிக்கொண்டு போனோம். அன்று நான் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அதே இடம்தான். கிழக்குப் பக்கம், வேலி ஓரம், நீள மேட்டின் கடைசி. "இஞ்ச, மாஸ்டர். இவவுக்குப் பிறகு ஒருவரும் இல்லை. இவதான் ஓரம்" என்றான். அவ்வளவுதான் அங்கே பார்க்க இருந்தது. புல் முளைத்திருக்கிறது. தினிதி பூ வைத்தாள். பிறகு குந்தியிருந்து, புதுப் பாடசாலையில் நடந்ததெல்லாம் மெதுவாகத் தாய்க்குச் சொல்லத் தொடங்கினாள். நானும் நுவனும் எட்டப் போய் நின்றோம். பிள்ளை பேசி முடிய வெகு நேரம் ஆனது. வரும் வழியில், இனி நம் வீட்டிலேயே இருக்கிறேன் என்றாள். ஓம் என்றேன்.

இப்போது அப்பாவின் விஷயம். செட்டைத் திரும்பவும் ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று ஞாயிறு. நேற்று ரஞ்சித் அத்தானுக்கு ஆஸ்பத்திரி என்பதால் நீங்கள் வரவில்லை. அப்பா நேரத்தோடு முகம் கழுவி, சேர்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தங்காலையில் இருந்து நுவன் வந்தான். இரண்டு பேரும் காற்று, மழை, கம்பியின் உயரம் எல்லாம் பேசினார்கள். அப்பா அவனுக்கு மோர்ஸைத் தாளத்தில் வாயால் பாடிக் காட்டினார்.

பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நெலும் எங்கடா?" என்றார்.

வழக்கமாக எழும்பிப் போகிறவன் நான். தினிதி கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இனி எதையும் மறைக்க வேண்டியதில்லை, மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவள். அப்பாவுக்கு மட்டும் ஏன் வாராவாரம் நெலும் சாக வேண்டும்?

"பன்சாலைக்குப் போயிருக்கிறா, அப்பா" என்றேன்.

சொன்னதும் எனக்கே ஒரு நிமிஷம் அது உண்மை போல இருந்தது, அக்கா. வாசலைப் பார்த்தேன்.

அப்பா மைக்கை அழுத்தி நுவனிடம் சொன்னார்: "எங்கட மருமகள் பன்சாலைக்குப் போயிருக்கிறா. இருந்தா உன்னட்டச் சாப்பாட்டைப் பத்திக் கேட்டிருப்பா. ஓவர்."

கொஞ்ச நேரம் இரைச்சல்தான் வந்தது. பெடியன் அழுகிறானோ என்று பயந்தேன். அப்பா செட்டின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அவன் குரல் வந்தது. "சரி ஐயா. சோறும் பருப்பும் கருவாட்டுத் தீயலும். அவ வந்த உடனே சொல்லுங்கோ. ஓவர்."

அடுத்த ஞாயிறு அவர் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்கத்தான் இதை எழுதினேன்.

அப்பா சந்தோஷமாக என் முழங்காலில் தட்டினார். "கேட்டியா? சோறும் பருப்பும் கருவாட்டுத் தீயலுமாம். மறந்துபோகாமல் அவளிட்டச் சொல்லு."

"ஓம் அப்பா, சொல்லுறன்" என்றேன்.

தம்பி
உபாலி